சர்ஜ் எக்ஸ்டிக்கு ஒரு ப்ரீசெட் தொகுப்பு: செய்தது, கலைத்தது, மறுபடி செய்தது

சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச மென்பொருள் சின்த்துக்காக (கணினியில் ஒலிகளை உருவாக்கும் இசைக்கருவி) செய்துகொண்டிருந்த ப்ரீசெட் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு) தொகுப்பு ஒருவழியாக முடிந்தது. பேஸ் (தாழ்ந்த அடியொலி), பிளக் (மீட்டும் ஒலி), பேட் (நீண்டு விரியும் பின்னணி ஒலி), லீட் (முன்னணி மெல்லிசை ஒலி), மணியோசை, மனிதக் குரல் சாயலில் சில என்று முப்பது ஒலிகள், ஒரே ஜிப் கோப்பு. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். விலைக்கு விற்கும் பாட்டில்கூடப் போட்டுக்கொள்ளலாம். என் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஒலியைப் பிடிக்க ஆன நேரத்தைவிட, அதை இன்னொருவர் கணினியில், இன்னொருவர் விரலுக்கு ஒழுங்காகப் பேச வைக்கத்தான் அதிக நேரம் ஆனது. அதனால் இங்கேயும் அந்தப் பகுதிதான் நீளமாக வரும்.

எந்த சின்த் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. டெக்ஸெட் ரொம்ப இழுத்தது. 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டின் மென்பொருள் வடிவம் அது. 32 ஒலிகள் கொண்ட முழு வங்கி வெறும் 4104 பைட். அதே கோப்பை அசல் கீபோர்டுக்கும் அனுப்பலாம். ஆனால் ஒரு ஒலியின் பெயருக்குப் பத்து எழுத்துதான் இடம். செய்தவர் யார், என்ன உரிமம் என்று எழுதி வைக்க இடமே கிடையாது. வைட்டல் என்ற இன்னொரு சின்த்தின் ப்ரீசெட், ஜேசன் வடிவில் இருக்கும் உரைக்கோப்பு. எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். அதுவும் நல்ல தேர்வுதான். கடைசியில் சர்ஜை எடுத்ததற்கு மூன்று காரணங்கள்: கம்பி அதிர்வைப் போலச் செய்யும் ஸ்ட்ரிங் ஆஸிலேட்டர் (ஆஸிலேட்டர் என்பது அலையை உண்டாக்கும் பகுதி), இரண்டு தனித்தனி சீன்கள் (தனியாக அமைக்கக்கூடிய ஒலி அடுக்குகள்), சேமிக்கும்போதே ஆசிரியர், உரிமம், குறிப்பு, டேக் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக் கோப்புக்குள் வைத்துக்கொள்வது. ஒரு காலத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த சின்த் இது. 2018-இல் வெம்பர் ஆடியோ இதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. அதற்கப்புறம் தன்னார்வலர்கள் வளர்த்து, 2022-இல் எக்ஸ்டி என்ற பெயரில் புதுப்பித்தார்கள். அப்படி வந்த ஒன்றுக்கு நம் பங்காக ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

கருவிகள் அதிகமில்லை. வெலாசிட்டி (கட்டையை எவ்வளவு வேகமாக அடிக்கிறோம் என்ற அளவு) உள்ள 49 கட்டை கீபோர்டு, காதை மூடும் ஹெட்ஃபோன், ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர். பதிவுக்கு ஆர்டர் (Ardour) என்ற மென்பொருள், அலைவடிவம் வெட்ட ஆடாசிட்டி, ஒலி அளவு பார்க்க இலவச லவுட்னெஸ் மீட்டர் ஒன்று. மென்பொருளுக்குச் செலவு பூஜ்யம். மாற்றங்களைக் கிட் (Git) என்ற, பழைய வடிவங்களையும் சேமித்து வைக்கும் மென்பொருளில் பதிந்துகொண்டே வந்தேன். ஒரு பேட் ஒலியைக் கெடுத்துவிட்டுப் பழையதைத் தேடிப் போக வேண்டியிருந்தபோது அது காப்பாற்றியது.

எல்லா ஒலியையும் இனிட் சா என்ற வெற்று வார்ப்பிலிருந்துதான் தொடங்கினேன். சின்த்தோடு வரும் ஒலி ஒன்றைத் திறந்து ஃபில்டரைக் கொஞ்சம் திருகிப் பெயர் மாற்றுவது சுலபம். ஆனால் அது இன்னொருவர் உழைப்பு. உரிமம் பற்றிப் பிறகு எழுதும்போது மனசு சுத்தமாக இருக்காது.

பேஸ்தான் முதலில். கிளாசிக் ஆஸிலேட்டரில் சா (ரம்பப்பல் வடிவ) அலை, சப் மிக்ஸ் பாதி, 24 டெசிபல் லோபாஸ் ஃபில்டர் (உயர்ந்த அதிர்வெண்களைக் குறைப்பது), கட்ஆஃப் (குறைக்கத் தொடங்கும் இடம்) 180 ஹெர்ட்ஸ் அருகே. ஃபில்டர் என்வலப்பின் (நேரத்தோடு அளவை மாற்றும் வளைவு) ஆழம் 30 செமிடோன் (அரைச்சுரம்), டிகே (அடங்கும் நேரம்) கால் நொடி. கேட்க நன்றாக இருந்தது, ஆனால் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் ஒரு அடி கனமாக விழும், அடுத்தது சப்பென்று இருக்கும். கம்ப்ரெசர் போட்டுப் பார்த்தேன், என்வலப்பை மாற்றிப் பார்த்தேன், தீரவில்லை. காரணம் ஆஸிலேட்டரின் ரீட்ரிகர் பொத்தான். அது அணைந்திருந்தால் அலை ஒவ்வொரு தடவையும் எங்கிருந்தாவது தொடங்கும். சுழற்சி நீளமான தாழ்ந்த சுரத்தில் அந்த வேறுபாடு அடியின் முகப்பிலேயே கேட்கும். ரீட்ரிகரை இயக்கியதும் எல்லா அடியும் ஒன்றுபோல விழுந்தன. பேஸ், தாள ஒலிகள் எல்லாவற்றுக்கும் அதை இயக்கியே வைத்தேன். பேட் ஒலிகளுக்கு அணைத்துவிட்டேன். அங்கே அந்த ஒழுங்கின்மைதான் அழகு.

பிளக் ஒலிகளுக்கு ஸ்ட்ரிங் ஆஸிலேட்டர். நடு ஸ்தாயியில் எடுத்த எடுப்பிலேயே அருமையாக வந்தது. ஆனால் ஒரு ஸ்தாயி கீழே போனால் கம்பி அடங்கவே மாட்டேன் என்கிறது. இரண்டு ஸ்தாயி மேலே போனால் டிக்கென்று செத்துவிடுகிறது. கம்பி வாத்தியங்களின் இயல்பே ஓரளவு அப்படித்தான், ஆனாலும் வாசிக்கத் தோதாக இல்லை. சுரம் ஏற இறங்க மதிப்பு மாறும் கீட்ராக் மாடுலேட்டரை இரண்டு கம்பிகளின் டிகேயிலும் கொஞ்சம் நேர்த்திசையில் இணைத்ததும் சமமானது: மேலே போகப் போக நீளும், கீழே வர வரக் குறையும். வெலாசிட்டியை எக்ஸைட்டர் லெவலுக்கும் (கம்பியைத் தூண்டும் வலு) ஸ்டிஃப்னெஸுக்கும் (விறைப்பு) கொடுத்தேன். அழுத்தி அடித்தால் சத்தம் கூடுவதோடு கம்பி சற்று விறைக்கவும் செய்கிறது. இந்தச் சின்ன மாற்றம்தான் அதைக் கையில் உயிரோடு வைத்திருப்பது.

இன்னொன்று, கம்பி தானே அடங்கும் என்பதால் ஆம்ப்ளிட்யூட் (சத்த அளவு) என்வலப்பில் சஸ்டெய்ன் (கட்டையை அழுத்தியிருக்கும்வரை நிற்கும் அளவு) முழுதாக இருக்கட்டும். விரல் எடுத்த பின் அடங்கும் நேரமான ரிலீஸ்தான் முக்கியம். அது குறைவாக இருந்தால் விரல் எடுத்ததும் கத்தரித்ததுபோல் நிற்கும். ஒன்றரை நொடி வைத்தேன். அப்படி வைத்தால் வேகமாக வாசிக்கும்போது பழைய சுரங்கள் எல்லாம் பின்னால் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் எண்ணிக்கை வரம்பான 16-ஐத் தொட்டதும் சின்த் பழைய சுரத்தைப் பறித்துப் புதியதற்குக் கொடுக்கும். பிளக் ஒலிகளுக்கு அந்த வரம்பை 24 ஆக்கிச் சேமித்தேன்.

பேட்தான் ரொம்ப நேரம் எடுத்தது. இரண்டு சீனையும் டூயல் முறையில் ஒன்றாக ஒலிக்க வைத்து, ஒவ்வொன்றிலும் மூன்று ஆஸிலேட்டர், ஒவ்வொன்றுக்கும் யூனிசன் 7, அதாவது ஒரே அலையின் ஏழு பிரதிகள் (யூனிசன் குரல்கள்). அப்படியும் ஒலி விரியவில்லை, நடுவிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பிரதிகளின் சுருதியைச் சற்று விலக்கும் டீட்யூனைக் கூட்டினால் சுருதி கலங்கியதே தவிர அகலம் வரவில்லை. விஷயம் ஃபில்டர் அமைப்பில் இருந்தது. சீரியல் 1 போன்ற அமைப்புகளில் ஆஸிலேட்டரின் இடது வலது பரவல் ஃபில்டருக்கு முன்பே ஒன்றாகிவிடும். அமைப்பை வைடு என்று மாற்றினால்தான் யூனிசன் குரல்கள் இரு பக்கமும் விரியும். மாற்றியதும் அறை நிறைந்தது. கூடவே சிபியூவும் நிறைந்தது.

கணக்குப் போட்டால் புரியும். ஒரு சுரத்துக்கு இரண்டு சீன், மூன்று ஆஸிலேட்டர், ஏழு குரல், ஆக 42. நான்கு சுரக் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடித்து, ரிலீஸ் நான்கு நொடி இருக்கும்போது அடுத்த கார்டுக்கு மாறினால் எட்டு சுரம் ஒன்றாக ஓடும்: 336. என் கணினி தாங்கியது. பழைய மடிக்கணினி வைத்திருப்பவர் இதைத் திறந்தால் படபடவென்று வெடிக்கும், அவர் ப்ரீசெட்டை மூடிவிட்டுப் போய்விடுவார். இலவசக் கருவியைத் தேடி வருபவர்களில் பலர் அப்படிப்பட்ட கணினியோடுதான் வருகிறார்கள். ஆகவே கலைத்தேன். முதல் சீனில் ஒரு ஆஸிலேட்டருக்கு யூனிசன் 3, இன்னொன்று டீட்யூன் இல்லாமல் ஒற்றையாக. இரண்டாம் சீனில் ஒரே ஆஸிலேட்டர், யூனிசன் 3. மொத்தம் 7. குறைந்துபோன செழுமையை, ஒலியைத் தடிமனாக்கும் ஆன்செம்பிள் எஃபெக்ட் நிரப்பியது. எஃபெக்ட் எத்தனை சுரம் அழுத்தினாலும் ஒரே ஒரு தடவைதான் ஓடும். அருகருகே வைத்துக் கேட்டேன்: பழையது கொஞ்சம் அடர்த்தி, புதியது கொஞ்சம் தெளிவு. பாட்டுக்குள் வைத்தால் புதியதே மேல்.

அந்த ஒற்றை ஆஸிலேட்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆர்டரில் இடது வலதை ஒன்றாக்கும் மோனோ பொத்தானை அழுத்திக் கேட்டால் யூனிசன் குரல்கள் ஒன்றோடொன்று மோதி அடிச்சுரம் ஏறி இறங்கும். டீட்யூன் இல்லாத ஒன்று நடுவில் நின்றால் சுருதி ஆடாமல் பிடித்துக்கொள்ளும். எல்லா பேட் ஒலிக்கும் மோனோ சோதனை செய்தேன். இரண்டு ஒலிகள் அதில் தேறாமல் தொகுப்பிலிருந்தே போய்விட்டன.

இனிக் குரல் ஒலிகள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எங்கிருந்தோ இறக்கிய வேவ்டேபிள் (அடுக்கி வைத்த அலைவடிவங்களின் தொகுப்பு) ஒன்றைப் போட்டுத்தான் செய்தேன். இலவசம் என்று போட்டிருந்தது. கூட வந்த உரைக்கோப்பைப் படித்தபோது, இசையில் பயன்படுத்தலாம், ஆனால் கோப்பை மறுபடி விநியோகிக்கக் கூடாது என்று இருந்தது. சர்ஜ் வேவ்டேபிளையும் ப்ரீசெட் கோப்புக்குள்ளேயே வைத்துச் சேமிக்கிறது. ப்ரீசெட்டைக் கொடுத்தால் வேவ்டேபிளையும் கொடுத்ததாகத்தான் அர்த்தம். சரி, சொந்தக் குரலிலேயே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

ஈ, ஏ, ஆ, ஓ, ஊ என்ற ஐந்து நெடில்களை 110 ஹெர்ட்ஸ் சுருதியில் பிடித்துப் பாடிப் பதிவு செய்தேன். நொடிக்கு 48000 மாதிரி (ஒலியை அளக்கும் புள்ளி) என்ற வேகத்தில் ஒரு சுழற்சிக்கு 436 மாதிரிகள் வரும். அந்த ஒரு சுழற்சியை ஆடாசிட்டியில் வெட்டி, வேகத்தைக் குறைத்து 2048 மாதிரிக்கு நீட்ட வேண்டும். நீட்டிய துண்டின் இரு முனைகளும் சரியாக ஒட்டாமல் கரகரவென்று ஒரு ரீங்காரம் கேட்டது. ஒற்றைச் சுழற்சியை நீட்டினால் ஓரங்கள் கெடும். அதே சுழற்சியை மூன்று தடவை அடுத்தடுத்து ஒட்டி, 6144 மாதிரிக்கு நீட்டி, நடுவில் உள்ள 2048-ஐ மட்டும் எடுத்தால் சுத்தமாக வருகிறது. ஐந்து துண்டுகளையும் 16 பிட் மோனோ வேவ் கோப்புகளாக ஒரே கோப்புறையில் போட்டு, சர்ஜின் மூலநிரலோடு வரும் பைத்தான் நிரலால் ஒரே வேவ்டேபிளாகக் கட்டினேன்.

ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குக் கலந்து செல்லும் மார்ஃப் ஸ்லைடரை நகர்த்தினேன். ஒவ்வொரு உயிரும் தனியாக நன்றாக இருந்தது, ஆனால் ஏயிலிருந்து ஆவுக்குப் போகும் வழியில் பாதியில் ஒலி உள்ளே விழுந்துவிட்டது. இரண்டு துண்டுகளிலும் அடிச்சுரம் வெவ்வேறு இடத்தில் தொடங்கியிருந்ததால், சரிபாதிக் கலவையில் ஒன்றை ஒன்று தின்றுவிட்டது. அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்து ஒரே மாதிரி இடத்தில் வெட்டுவது நடக்காத காரியம். ஒவ்வொரு உயிரின் வடிவமும் வேறு. வழி இதுதான்: பதிவை இன்னொரு தடத்தில் நகலெடுத்து, நகலில் மட்டும் செங்குத்தான லோபாஸ் ஃபில்டர் போட்டு அடிச்சுரத்தை மட்டும் விட வேண்டும். அது அழகான ஒற்றை வளைவாகத் தெரியும். அந்த வளைவு பூஜ்யத்தைக் கடந்து மேலே ஏறும் இடத்தில் அசலை வெட்ட வேண்டும். ஃபில்டர் தானே கொஞ்சம் நகர்த்தும், ஆனால் ஐந்தையும் ஒரே சுருதியில் பாடியிருப்பதால் ஐந்தும் ஒரே அளவுதான் நகரும். இதற்கப்புறம் மார்ஃப் வழுக்கிக்கொண்டு போனது.

வரிசையும் முக்கியம். முதலில் நெடுங்கணக்கு வரிசையில் ஆ, ஈ, ஊ, ஏ, ஓ என்று அடுக்கியிருந்தேன், ஒவ்வொரு கட்டத்திலும் ஒலி தாவியது. ஈ, ஏ, ஆ, ஓ, ஊ என்று வாய் திறந்து மூடும் போக்கில் அடுக்கியதும் பேசுவதுபோல் ஆனது.

அப்போதும் ஒரு குறை. கீபோர்டில் நடு சி (C) சுரத்தைத் தாண்டினால் சின்னக் குழந்தை கத்துவதுபோல் இருந்தது. அலை அப்படியே வேகமாக ஓடுவதால் உயிரெழுத்தை அடையாளம் காட்டும் அதிர்வெண்களும் கூடவே மேலே ஏறிவிடுகின்றன. சர்ஜின் வேவ்டேபிள் ஆஸிலேட்டரில் ஃபார்மன்ட் என்று ஒரு ஸ்லைடர் உண்டு, அது இந்த அதிர்வெண்களை மேலே தள்ளும், கீழே இறக்காது. ஆகவே எல்லாவற்றையும் 220 ஹெர்ட்ஸில் மறுபடி பாடி (இப்போது சுழற்சிக்கு 218 மாதிரி), மறுபடி வெட்டினேன். கீட்ராக்கை ஃபார்மன்ட்டுக்கு ஒரு ஸ்தாயிக்கு 12 செமிடோன் என்ற கணக்கில் எதிர்த்திசையில் இணைத்தேன். கீழே போகும்போது ஃபார்மன்ட் அதே அளவு மேலே தள்ளப்பட, ஆ ஆவாகவே நிற்கிறது. மேலே போனால் இந்த வழி உதவாது, ஆனால் 220-இல் பதிந்ததால் நடு சிக்கு மேலும் ஐந்தாறு கட்டை தாங்குகிறது. ப்ரீசெட்டின் குறிப்பில் அந்த எல்லையை எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்தது ஒலி அளவு. ப்ரீசெட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டும்போது ஒன்று கிசுகிசுத்து அடுத்தது காதைக் கிழித்தால் ஒருவரும் மூன்றாவதைத் திறக்க மாட்டார். நான்கு சுரக் கார்டு, ஒரு மெல்லிசை வரி, ஒரு தாழ்ந்த சுரம் கொண்ட மிடி கோப்பு (எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்பு மட்டும் உள்ள கோப்பு) ஒன்றை வைத்து, வெலாசிட்டி 100-இல் எல்லா ஒலியையும் ஓட்டி, -18 லஃப்ஸ் (காதுக்குத் தோன்றும் ஒலி அளவின் அலகு) அருகே நிறுத்தினேன். பேஸ் ஒலிகளில் இது ஏமாற்றியது. லஃப்ஸ் அளவீடு தாழ்ந்த அதிர்வெண்ணைக் குறைத்தே எடைபோடும். மீட்டர் சொன்னபடி ஏற்றினால் உச்சம் பூஜ்யத்தைத் தொட்டு உடைந்தது. பேஸுக்கு மட்டும் உச்சத்தை -6 டெசிபலுக்குக் கீழே கட்டி, மீதியைக் காதால் சரிசெய்தேன். எல்லாவற்றின் கடைசியிலும் கண்டிஷனர் எஃபெக்ட்டின் லிமிட்டரை (உச்சத்தை அடக்குவது) போட்டு வேலையை முடிக்கவும் பார்த்தேன். அளவு சமமானது உண்மைதான். ஆனால் மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம். பிளக் ஒலியில் அத்தனை சிரமப்பட்டு வைத்த விரல் உணர்வு தட்டையாகிவிட்டது. எடுத்துவிட்டேன்.

விரல் என்றதும் வெலாசிட்டி. என் கீபோர்டு பெரும்பாலும் 60 முதல் 110 வரைதான் தருகிறது. சிலர் கீபோர்டு எப்போதும் 127 அனுப்பும், சிலர் மென்மையாகவே வாசிப்பார்கள். வெலாசிட்டியால் குறையும் அளவை முதலில் -30 டெசிபல் வைத்திருந்தேன், 40-க்குக் கீழே ஒன்றுமே கேட்கவில்லை. -12 வைத்ததும் எல்லாக் கைக்கும் பொருந்தியது. சத்தத்தைவிட நிறம் மாறுவதுதான் நன்றாக இருக்கிறது என்பதால், மிச்சத்தை ஃபில்டருக்குக் கொடுத்தேன்.

மேக்ரோக்கள் (பல அமைப்புகளை ஒன்றாக மாற்றும் திருகுகள்) எட்டு இருந்தாலும் நான்கைத்தான் தொட்டேன், முப்பது ஒலியிலும் ஒரே வரிசையில்: வெளிச்சம், அசைவு, அகலம், வெளி. ஒன்றைப் பழகினால் மற்றதிலும் கை தானாகப் போகும். எந்த மேக்ரோவையும் கடைசிவரை திருகினாலும் ஒலி கெடக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். ரெசொனன்ஸ் (கட்ஆஃப் அருகே ஃபில்டர் தரும் கூர்மை) அதிகமுள்ள ஒலிகளில் வெளிச்சம் மேக்ரோ கட்ஆஃப்பைத் திறக்கும்போதே ரெசொனன்ஸைக் கொஞ்சம் குறைக்கும்படி இணைக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் விசிலடிக்கும். ரிவர்ப்பை (அறையின் எதிரொலிச் சாயல்) குறைவாகவே விட்டேன். தனியாகக் கேட்கும்போது ரிவர்ப் நிறைய இருந்தால் பிரமாதமாக இருக்கும். பாட்டுக்குள் வைத்தால் சேறு.

உரிமத்துக்கு சிசி0 (CC0), அதாவது எந்த நிபந்தனையும் இல்லாமல் விட்டுக்கொடுப்பது. பெயர் குறிப்பிட வேண்டும் என்கிற சிசி-பை (CC BY) உரிமத்தையும் யோசித்தேன். அப்படிக் கொடுத்தால், ஒருவர் என் பேஸ் ஒலியை ஒரு பாட்டில் நான்கு அடி போட்டாலும் என் பெயரைப் போட வேண்டுமா என்று அவர் குழம்ப வேண்டியிருக்கும். பாட்டு செய்பவருக்கு அந்தத் தொல்லை எதற்கு? உரிமத்தின் பெயரை ஒவ்வொரு ப்ரீசெட்டுக்குள்ளும் எழுதினேன், கோப்புறையிலும் தனி உரைக்கோப்பாக வைத்தேன். ஜிப் பிரிந்து ஒரு கோப்பு மட்டும் கை மாறினாலும் உரிமம் கூடவே போகும். எந்தப் பதிப்பில் சேமித்தேன் என்பதையும் எழுதியிருக்கிறேன். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு சரியாகத் திறக்கும் என்று நம்ப முடியாது. கோப்புப் பெயரில் கேள்விக்குறி, சாய்கோடு எதுவும் வேண்டாம், விண்டோஸில் பிரிக்கும்போது தகராறு செய்யும்.

அடுத்த தடவை மாற்றப் போவது சில உண்டு. சோதனை மிடி கோப்பை முதல் நாளே தயார் செய்து, ஒவ்வொரு ஒலியும் பிறந்ததுமே அதில் ஓட்டுவேன். கடைசியில் முப்பதுக்கும் சேர்த்து அளவு பார்த்ததில் பல ஒலிகளின் சமநிலையை மறுபடி தொட வேண்டியிருந்தது. ஒரு சுரத்துக்குப் பத்து ஆஸிலேட்டர் குரலுக்கு மேல் போவதில்லை என்று முதலிலேயே வரம்பு கட்டுவேன். குரல் பதிவை 220-இல் மட்டும் நிறுத்தாமல் 330-இலும் எடுத்து, இரண்டு சீனுக்கும் இரண்டு வேவ்டேபிள் கொடுத்து, கீபோர்டைக் கீழ்ப்பாதி மேல்பாதியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சர்ஜில் கீ ஸ்பிளிட் முறை அதற்கென்றே இருக்கிறது. ஐந்து உயிர்களின் மூலப் பதிவுகளையும் வெட்டிய 2048 மாதிரித் துண்டுகளையும் அதே சிசி0 உரிமத்தில் ஜிப்புக்குள் போட்டிருக்கிறேன், வைட்டலிலோ வேறு எதிலோ யாராவது செய்து பார்க்க விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம்.